மீன் செதிலில் இருந்து வந்த பெப்டைடு பவுடர்: நான்கு டப்பா தீர்ந்த பிறகு எழுதுகிறேன்

அம்மாவின் முழங்காலுக்காக வாங்கியது இது. கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடையில் கல்லாவை ஒட்டி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். நீல டப்பா, மேலே துள்ளும் மீன் படம், 'மீன் கொலாஜன் பெப்டைடு, ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி 82%' என்று பெரிய எழுத்து. கொலாஜன் என்பது தோலிலும் எலும்பிலும் குருத்தெலும்பிலும் இருக்கும் புரதம், ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பொருட்கள் கெடுவதைத் தடுப்பது. 250 கிராம், 1,190 ரூபாய். "ஒரு மாசம் விடாம குடுங்கக்கா, அம்மா தானா படி ஏறுவாங்க" என்றார் கடையில் இருந்த தம்பி. அந்த வாரம் அம்மா பாத்ரூமுக்கே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போய் வந்தார், அதனால் விலையைப் பற்றி யோசிக்கவில்லை, வாங்கி வந்துவிட்டேன். அப்புறம் அதே மாதிரி இன்னும் மூன்று. அம்மா மூன்று மாதம் தினமும் 10 கிராம் குடித்தார், மிச்சத்தில் பத்து நாள் நானும் குடித்துப் பார்த்தேன். மொத்தம் 4,760 ரூபாய்.

பிராண்டு பெயரை எழுதவில்லை. இதே போல நாலைந்து டப்பா எல்லா மருந்துக் கடையிலும் இருக்கிறது, ஆன்லைனில் இன்னும் அதிகம், நான் சொல்லப் போவதில் பாதிக்கு மேல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். 5க்கு 2 கொடுப்பேன். தூள் மோசம் என்று சொல்லவில்லை, கரைகிறது, குடிக்க முடிகிறது, வயிற்றைக் கெடுக்கவில்லை. ஆனால் மூட்டு வலிக்கு இதுதான் மருந்து என்று யாராவது சொன்னால், முக்கியமாக தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் இருப்பவர்கள், தயவுசெய்து அந்தப் பேச்சை நம்பி மாதக்கணக்கில் காலத்தை விட்டுவிடாதீர்கள். நாங்கள் விட்டுவிட்டோம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் குடிக்கிற அனுபவம். மூடியைத் திறந்தால் வெள்ளைத் தூள், பால் பவுடரை விட லேசாக இருக்கும், கையில் எடுத்தால் பறக்கும். வெறும் பச்சைத் தண்ணீரில் போட்டால் முதலில் மேலே நுரை மாதிரி மிதந்து ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு நிமிடம் விட்டுக் கலக்கினால் தெளிவாகக் கரைந்துவிடும். வாசனை இல்லை என்று டப்பாவில் போட்டிருக்கிறது. அது முழு உண்மை இல்லை. ஆறிய தண்ணீரில் வாசனை தெரியாது, சூடான பாலில் போட்டீர்கள் என்றால் ஆவியோடு சேர்ந்து மீன் வாடை எழும்பும், அம்மா முதல் நாளே டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். அடியில் லேசான கசப்பும் உண்டு. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும்போது சில துண்டுகள் கசக்கத்தான் செய்யும், அது கெட்டுப்போன அடையாளம் இல்லை.

எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் கலந்தபோது வாடை போய்விட்டது. மீன் வாடைக்குப் பெரிய காரணம் அமைன் என்ற வகைப் பொருட்கள், புளிப்பு பட்டால் அவை ஆவியாகிற தன்மையை இழந்துவிடும். நம் வீட்டில் மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதும் வறுவலுக்கு எலுமிச்சை பிழிவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. கடைசியில் எங்களுக்குச் சரிப்பட்டது ராகிக் கூழ்தான். காலையில் மோர் ஊற்றிக் கரைத்த கூழில் ஒரு ஸ்கூப் போட்டால் போட்டதே தெரியாது, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிடலாம். மூன்றாவது டப்பா மழைக் காலத்தில் திறந்தது. மூடியைச் சரியாகத் திருகாமல் ஒரு ராத்திரி விட்டதில் காலையில் பாதி கட்டியாகிவிட்டது. இந்தத் தூள் ஈரத்தை அப்படி இழுக்கும். வாங்கினால் ஈரமில்லாத ஸ்பூன் போடுங்கள், அடுப்படியில் வைக்காதீர்கள்.

இந்தத் தூள் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் வாங்கப் போயிருந்தீர்கள் என்றால் ஒரு நிமிடம் மீன் வெட்டும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கட்லாவோ ரோகுவோ ஜிலேபியோ, எடை போட்டதும் அக்கா அரிவாள்மனையில் வைத்துச் செதிலைச் சீவுவார், செவுளைப் பிடுங்குவார், குடலை எடுத்து ஒரு பக்கெட்டில் போடுவார். இரண்டு கிலோ மீன் வாங்கினால் பைக்குள் வருவது ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். இது நாம் முள்ளோடும் தோலோடும் தின்கிறவர்கள் என்பதால். வெளிநாட்டுக்கு முள் நீக்கிய சதையை மட்டும் அனுப்பும் தொழிற்சாலையில் ஜிலேபி மீனில் சதை என்று தேறுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், மீதி முழுக்கத் தலை, நடுமுள், தோல், செதில், துடுப்பு, குடல். இதை மீன்தீவனமாக அரைப்பார்கள், அல்லது கொட்டுவார்கள். கொட்டினால் நாறும், நீர்நிலையில் கலந்தால் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். அந்த மிச்சத்தில் நல்ல புரதம் கிடக்கிறது. அதை வீணாக்காமல் எடுக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஆய்வு நடக்கிறது, நம் நாட்டில் கொச்சியில் 1957 முதல் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன் கழிவிலிருந்து கொலாஜன் பெப்டைடு, இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்று பல பொருட்களுக்கான முறைகளை உருவாக்கியிருக்கிறது. இந்த முயற்சி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதைக் குறை சொல்ல எனக்கு மனசே வராது.

செய்முறையும் ஒன்றும் மாயம் இல்லை. நம் பக்கம் இயற்கை விவசாயம் செய்பவர்களுக்கு மீன் அமிலம் தெரியும். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடை போட்டு மூடி வைத்தால், சில வாரத்தில் தேன் மாதிரி ஒரு கரைசல் வரும், டேங்குக்கு 100 மில்லி கலந்து தக்காளிக்கு அடிப்பார்கள். உள்ளே நடப்பது என்ன? மீனின் குடலில் இருக்கும் நொதிகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்து பெரிய புரதத்தைச் சின்னச் சின்னதாக வெட்டுகின்றன. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான மாலை என்று வைத்துக்கொண்டால், மாலையை அறுத்தால் கிடைக்கிற இரண்டு பூ, ஐந்து பூ, இருபது பூ உள்ள துண்டுகள்தான் பெப்டைடு. தொழிற்சாலையில் இதையே கட்டுப்பாட்டோடு செய்வார்கள். செதிலை நன்றாகக் கழுவி, நீர்த்த அமிலத்தில் ஊற வைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கி, வெந்நீரில் ஜெலட்டினாக இறக்கி, அதில் நொதியைச் சேர்ப்பார்கள். ஆல்கலேஸ் என்ற பாக்டீரியா நொதி அதிகம் பயன்படும், 50 முதல் 60 டிகிரி சூட்டில் வேலை செய்யும். பப்பாளிப் பாலில் இருந்து எடுக்கும் பப்பைனும் பயன்படும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 பப்பாளி அந்தப் பாலுக்கென்றே பேர் போன ரகம். வெட்டியது போதும் என்றதும் சூடாக்கி நொதியை நிறுத்தி, வடிகட்டி, தெளித்து உலர்த்தினால் இந்த வெள்ளைத் தூள். எங்கள் டப்பாவில் 100 கிராமில் 90 கிராம் புரதம், மூலக்கூறு எடை 3000 டால்டனுக்குக் கீழே (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) என்று இருந்தது. முழு கொலாஜன் ஏறக்குறைய 3 லட்சம் டால்டன், அதிலிருந்து இவ்வளவு சின்னதாக வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது அந்த 82 சதவீதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரியில் ப்ராஜெக்ட் செய்தது இதே பரிசோதனையில்தான். டிபிபிஎச் என்று ஒரு ரசாயனம், ஆல்கஹாலில் கரைத்தால் அடர்ந்த ஊதா நிறம். அதில் ஆன்டிஆக்ஸிடன்ட் தன்மை உள்ள எதைச் சேர்த்தாலும் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டரில் அளந்து சதவீதமாகப் போடுவோம். 82 சதவீதம் என்றால் அந்தச் சோதனைக் குழாயில் ஊதா நிறம் நூற்றில் 82 பங்கு குறைந்தது, அவ்வளவுதான். உங்கள் உடம்பில் 82 சதவீதம் எதுவும் நடக்கவில்லை. அதிலும் எவ்வளவு தூளை எவ்வளவு கரைசலில் போட்டார்கள் என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் போடுவது, 'அம்மா ஊற்றிய குழம்பில் உப்பு சரியாக இருந்தது' என்று சொல்லிவிட்டு உப்பு எத்தனை ஸ்பூன், குழம்பு எத்தனை லிட்டர் என்று சொல்லாமல் விடுவது மாதிரி. தூளை அள்ளிப் போட்டால் அந்தச் சதவீதம் கூடத்தான் செய்யும். நான் ப்ராஜெக்ட்டுக்கு எடுத்தது மாங்கொட்டைப் பருப்பு. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனிகள் ஓடுகிற சீசனில் பெங்களூரா மாங்காயின் கொட்டையும் தோலும் மலை மாதிரி குவியும், அதில் ஒரு பை வாங்கிப் போனேன். ரொம்பக் குறைந்த அளவிலேயே ஊதா நிறம் என் கண் முன்னால் காணாமல் போனது. அதற்காக மாங்கொட்டை தின்றால் முழங்கால் வலி போகும் என்று நான் யாருக்கும் விற்க முடியுமா?

டப்பாவில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். எந்தச் சோதனை, என்ன செறிவில், எந்த ஆய்வகம் என்று மூன்று கேள்வி. பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், மெயில் போடச் சொன்னார், போட்டேன், இரண்டு முறை நினைவூட்டினேன், பதில் வரவில்லை. எந்த மீன் என்பதும் டப்பாவில் இல்லை. 'மீன் செதில், மீன் தோல்' என்பதோடு நின்றுவிட்டது. சந்தையில் உள்ள மீன் கொலாஜனில் ஜிலேபி மீனின் தோலும் செதிலும் நிறையவே பயன்படுகின்றன, அதில் தப்பே இல்லை, ஆனால் நீலக் கடலையும் அலையையும் படம் போட்டு விற்கும்போது எந்த மீன் என்று ஒரு வரி எழுத என்ன தடை?

ஆன்டிஆக்ஸிடன்ட் பெப்டைடு என்பதே பொய் என்று நினைத்துவிட வேண்டாம். 2001லேயே தென் கொரிய ஆய்வாளர்கள் அலாஸ்கா பொல்லாக் என்ற மீனின் தோல் ஜெலட்டினை நொதியால் வெட்டி, ஆன்டிஆக்ஸிடன்ட் வேலை செய்யும் பெப்டைடுகளைப் பிரித்து, அவற்றின் அமினோ அமில வரிசையையே எழுதிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு தலை, குடல், முள் என்று மீனின் எல்லா மிச்சத்திலிருந்தும் இப்படி எடுத்திருக்கிறார்கள். ஹிஸ்டிடின், டைரோசின், மெத்தியோனின் மாதிரியான அமினோ அமிலங்கள் முழுப் புரதத்தில் மடிப்புக்குள் மறைந்து கிடக்கும், வெட்டியதும் வெளியே வந்து, கொழுப்பைக் கெடுக்கும் வேகமான மூலக்கூறுகளை மடக்கும், இரும்பு, செம்பு அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதன் அருமை நன்றாகத் தெரிகிற இடம் உணவுப் பாதுகாப்பு. மீன் எண்ணெயும் அரைத்த மீனும் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க, பிஎச்ஏ, பிஎச்டி என்ற செயற்கை ரசாயனங்களுக்குப் பதிலாக இவற்றைச் சேர்க்கலாம் என்று எத்தனையோ ஆய்வுகள் காட்டுகின்றன. மீனின் கழிவே மீனைக் கெடாமல் காக்கிறது என்றால் எவ்வளவு நல்ல விஷயம். அந்த வேலைக்கு இதை விற்றால் நான் கைதட்டுவேன்.

குடித்த பிறகு வயிற்றில் என்ன ஆகும் என்பதுதான் சிக்கல். பெரும்பகுதி குடலிலேயே தனித்தனி அமினோ அமிலமாக உடைந்துவிடும், பருப்பு சாப்பிட்டாலும் அதுதான் நடக்கும். எல்லாமே உடைந்துவிடுகிறது என்றும் சொல்ல முடியாது, 2005ல் ஜப்பானில் ஜெலட்டின் ஹைட்ரோலைசேட் (இப்படி வெட்டிய ஜெலட்டின்) குடித்தவர்களின் ரத்தத்தில் புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் இரண்டும் சேர்ந்த சின்னப் பெப்டைடு உடையாமல் இருப்பதைப் பார்த்தார்கள். ரத்தத்துக்குள் போகிறது, சரி. அங்கிருந்து முழங்காலுக்குப் போய்க் குருத்தெலும்பைக் கட்டுகிறதா? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011ல் கொலாஜன் ஹைட்ரோலைசேட் மூட்டுகளைக் காக்கும் என்ற வாசகத்துக்கு ஆதாரம் போதவில்லை என்று சொல்லிவிட்டது. தோலுக்கு நல்லது என்று எட்டு வாரம், பன்னிரண்டு வார ஆய்வுகள் நிறைய உண்டு. 2025ல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், கம்பெனிப் பணம் வாங்காத ஆய்வுகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் எண்களுக்கும் இதே கதைதான். அமெரிக்க வேளாண் துறை உணவுகளுக்கு ஓராக் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்புப் பட்டியல் ஒன்று வைத்திருந்தது, கம்பெனிகள் அந்த எண்ணை விளம்பரத்துக்குத் தப்பாகப் பயன்படுத்துகின்றன, சோதனைக் குழாய் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்று 2012ல் அதையே எடுத்துவிட்டார்கள்.

இனி அம்மா. முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவது மாதத்தில் "கொஞ்சம் பரவாயில்ல போலம்மா" என்றார், ஆனால் நான் செலவழித்த பணத்துக்காக அப்படிச் சொல்கிறாரோ என்று எனக்குப் பட்டது, ஏனென்றால் கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க அப்போதும் என் கையைத்தான் தேடினார். கழுத்தைத் திருப்பவும் கஷ்டப்பட்டார். கழுத்துக்கும் முழங்காலுக்கும் ஒரே நேரத்தில் ஏன் என்று அப்போதுதான் யோசித்தேன். எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

அவர் முழங்காலைப் பார்ப்பதற்கு முன் அம்மாவை வாயைத் திறக்கச் சொன்னார். பல்லில் பழுப்புக் கோடுகள். "எந்த ஊருங்கம்மா, சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்சீங்க?" என்றார். அம்மா பிறந்ததும் வாழ்ந்ததும் தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம், கிணற்றுத் தண்ணீர், அப்புறம் போர் தண்ணீர், போன வருஷம்தான் என்னோடு வந்தார். முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்ததோடு முன்கைக்கும் எடுக்கச் சொன்னார். முன்கையில் இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தது. எலும்பு ஃப்ளோரோசிஸ், அதாவது தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடு அளவுக்கு மேல் உடம்பில் சேர்ந்து எலும்பைக் கெடுக்கும் நோய், அதோடு வயதுக்குரிய முழங்கால் தேய்மானம்.

நம் இரண்டு மாவட்டத்திலும் பாறைக்குள் ஃப்ளோரைடு இருக்கிறது, ஆழத்துத் தண்ணீரில் அது கரைந்து வருகிறது என்பது புதுச் செய்தி இல்லை. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தடுப்பு என்ற சொல் இருக்கிறது, ஜப்பான் கடனுதவியில் கட்டி 2013ல் தொடங்கியது அதற்காகத்தான். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. கூடுதலாக இருக்கும் தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் முதலில் பல், அப்புறம் முதுகு, கழுத்து, மூட்டு. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட ஃப்ளோரைடு அடர்த்தி கூடத்தான் செய்யும். எனக்கு இதெல்லாம் பாடத்திலேயே தெரியும். அம்மாவின் பல்லைத் தினமும் பார்த்தவள் நான், அந்தக் கறையை வெற்றிலைக் கறை என்றே நினைத்திருந்தேன். இதை எழுதும்போதும் மனசு வலிக்கிறது.

இந்தத் தூள் ஃப்ளோரோசிஸுக்கு ஒன்றும் செய்யாது, செய்யும் என்று கம்பெனியும் சொல்லவில்லை. ஆனால் 'மூட்டு வலி' என்று சொன்ன உடனே டப்பாவை எடுத்து நீட்டுவதில் இருக்கிற ஆபத்து இதுதான், எந்த மூட்டு வலி என்று கேட்க ஆள் இல்லாமல் போய்விடுகிறது. டாக்டர் சொன்னது ரொம்பச் சாதாரணமான விஷயங்கள். குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் மட்டும், இரண்டுக்கும் ஒரே தண்ணீர். பால், தயிர், ராகி, நெல்லிக்காய். கறுப்பு டீயைக் குறைக்க வேண்டும், டீத்தூளிலும் ஃப்ளோரைடு உண்டு. வைட்டமின் டி பரிசோதனை. தொடையின் முன்பக்கத் தசைக்கு தினமும் உடற்பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி. இந்தப் பயிற்சி ஆரம்பித்து ஐந்தாறு வாரத்தில் அம்மா சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார், படியில் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தால் போதும். அப்போது தூளும் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் தூளுக்குக் கொஞ்சம் பங்கு இருக்குமோ என்று யாராவது கேட்டால் நூறு சதவீதம் இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் பயிற்சியை நிறுத்திய ஒரு வாரம் வலி திரும்பியது, தூள் தீர்ந்து மாதக்கணக்கில் ஆகியும் திரும்பவில்லை.

எனக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பத்து நாளில் ஒன்றும் தெரியாது, தெரிந்தது என்று சொன்னால் பொய். முதல் இரண்டு நாள் வயிறு உப்பினாற்போல் இருந்தது, அவ்வளவுதான்.

புரதத்துக்காக வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். 90 சதவீதம் புரதம் என்ற எண் உண்மையாகவே இருந்தாலும் கொலாஜனில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் கிடையாது, அதனால் புரதத் தர மதிப்பில் இதற்குக் கிடைப்பது பூஜ்யம். ஒரு ஸ்கூப்புக்கு 47 ரூபாய்க்கு மேல் ஆகிறது, கிடைப்பது 9 கிராம் அரைகுறைப் புரதம். ஒன்றரை முட்டையில் அதே 9 கிராம் முழுமையான புரதம் கிடைத்துவிடும். வயதானவர்கள் சாப்பாட்டைக் குறைத்துவிட்டு இதை மட்டும் குடித்தால் தசை இன்னும் கரையும், அதைச் செய்யாதீர்கள்.

கொலாஜன்தான் வேண்டும் என்றால் கே.ஆர்.பி. அணையில் கட்லா வாங்கும்போது அக்காவிடம் "தலையைப் போட்டுடாதீங்க, தோலை உரிக்காதீங்க" என்று சொன்னால் போதும். தலையையும் நடுமுள்ளையும் போட்டு வைத்த குழம்பை மார்கழிக் காலையில் மூடி திறந்து பார்த்தால் மேலே கூழ் மாதிரி உறைந்து நிற்கும், கரண்டி போட்டால் அசையும். அதுதான் தோலிலும் முள்ளிலும் இருந்து இறங்கிய ஜெலட்டின், தூளின் தாய்ப்பொருள். அது முழங்காலைச் சரிசெய்யும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் சதையின் முழுப் புரதமும் சேர்ந்து வருகிறது, ருசியாகவும் இருக்கிறது. இப்போது நிறையப் பேர் முள் இல்லாமல், தோல் இல்லாமல் கேட்கிறார்கள் என்று வெட்டும் அக்காவே சொன்னார், பக்கெட்டில் விழுவதில் பாதி இப்படிப் போனதுதானாம். இங்கே பக்கெட்டில் போட்டுவிட்டு, அதே தோலைத் தூளாக்கி வந்தால் 1,190 கொடுத்து வாங்குகிறோம், எனக்கு அதுதான் ஆறவில்லை.

அப்படியும் வாங்குவது என்று முடிவு செய்தால் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும், 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்ற வரி இருக்க வேண்டும், சட்டப்படி அது கட்டாயம், எங்கள் டப்பாவில் பொடி எழுத்தில் மடிப்புக்குள் இருந்தது, நானே மூன்றாவது டப்பாவில்தான் பார்த்தேன். மீன் அலர்ஜி உள்ளவர்கள் தொடவே கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எந்தப் புரதத் தூளும் குடிக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் ஆரஞ்சு, மாம்பழ ஃப்ளேவர் போட்ட டப்பாவில் இனிப்பு என்ன என்று பார்க்க வேண்டும், நாங்கள் வாங்கியது ஃப்ளேவர் இல்லாதது. கன உலோகப் பரிசோதனை அறிக்கை கேட்டால் தருகிற கம்பெனியாக இருந்தால் நல்லது. சைவம் சாப்பிடுகிற வீட்டுக்கு யாராவது பரிசாக வாங்கிப் போகிறீர்கள் என்றால் அசைவத்தைக் குறிக்கும் பழுப்பு முக்கோணத்தைக் கவனியுங்கள், 'கொலாஜன்' என்ற பெயரைப் பார்த்து அது செடியிலிருந்து வருகிறது என்று நினைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

கடைக்காரத் தம்பியிடம் போய் இதையெல்லாம் சொன்னேன், சண்டைக்குப் போகவில்லை. அவருக்கும் தெரியாது, கம்பெனி ஆள் வந்து சொன்னதைத்தான் அவர் எங்களிடம் சொன்னார். "எங்க பாட்டிக்கும் இதையேதான்க்கா குடுத்துட்டு இருக்கேன்" என்றார். பாட்டி எந்த ஊர் என்று கேட்டேன். பாலக்கோடு பக்கம் என்றார். வீட்டில் என்ன தண்ணீர் என்று கேட்டதற்கு, போர் தண்ணீர்தான், நல்லா இனிப்பா இருக்கும் என்றார். தண்ணீரை ஒரு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் ஃப்ளோரைடு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வார்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது பிடித்து வருவதாகச் சொன்னார்.